இரட்டை அண்டா அக்கா

முதலில் சிவப்புக் கயிறு கட்டிய கரண்டி. அதை இடப்புற அண்டாவில் விட்டுச் சிறிது எடுத்து, உள்ளங்கையில் வைத்து, ஊதி, நாக்கில் இட்டுக் கண்களை மூடிக்கொள்வார். உப்புச் சரியாக இருந்தால் ஒற்றைப் புருவம் மட்டும் ஏறும். பிறகு குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவுவார், வாயையும் கொப்பளிப்பார். அதன் பின்னரே நீலக் கயிறு கட்டிய கரண்டியைத் தொட்டு வலப்புற அண்டாவுக்குப் போவார். மறுபடியும் உள்ளங்கை, ஊதல், மூடிய கண்கள். இரண்டிலும் வேகிறது ஒரே மூட்டை அரிசி, ஒரே பருப்பு, நான் நறுக்கிக் கொடுத்த ஒரே பூசணிக்காய். ஆயினும் கை கழுவுவதில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. கதவுகளுக்கு வெளியே நிற்பவர்களின் கண்கள் அந்தக் குழாயடி மேல்தான் இருக்கும்.

"கழுவிக் கழுவிக் கையில ரேகையே அழிஞ்சு போச்சு சார். சோசியக்காரன் பார்த்தா இந்தம்மா இன்னும் பொறக்கவே இல்லைன்னு சொல்லுவான்."

இந்தப் பொதுச் சமையற்கூடத்தில் எல்லாரும் அவரை 'அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். அவர் இல்லாத இடத்தில் 'இரட்டை அண்டா' என்கிறார்கள். ஆலை உணவகத்தில் சமைத்தவர். அங்கே கொடுத்த காக்கி மேலங்கியை இன்னும் விடவில்லை. பை கிழிந்த இடத்தில் வேறு நிறத் துணியால் ஒட்டுப் போட்டிருக்கிறார். பருத்த உடம்பு. நடக்கும்போது ஓசையே எழாது. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் கிசுகிசுக்கத் தொடங்கினால் காய் நறுக்கும் நாங்கள் மூவரும் கத்தியைக் கீழே வைத்துவிடுவோம்.

கூடம் என்பது ஆலையின் பழைய சரக்குக் கொட்டகை. ஒரு புறம் வண்டிகள் வந்து நிற்கவும் மறு புறம் ரயில் பெட்டிகளில் ஏற்றவும் கட்டியதால் அதற்கு எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பழைய குடிகள். அந்தப் பக்கம், இரண்டு தலைமுறைக்கு முன் ஆலை வேலைக்கென்று தொலைவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். இனம் வேறு, தோலின் நிறம் வேறு, கும்பிடும் இடம் வேறு. பார்த்த மாத்திரத்தில் யார் எவர் என்று சொல்லிவிடலாம் என்று இரு தரப்பாரும் அடித்துச் சொல்வார்கள். அக்காவிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். "வெங்காயம் உரிக்கிற கண்ணுக்கு எல்லா மூஞ்சியும் கலங்கித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். உரிக்க வேண்டியது நிறைய இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தண்ணீர்க் குழாயடியில் மூண்ட வாய்ச்சண்டை, மாலைக்குள் கல்வீச்சாகி, மறுநாள் கடைகளைத் தின்றது. ஆலை மூடிக் கிடந்தது. இரு பக்கத்திலும் அடுப்பு எரியவில்லை. உணவகத்து அண்டா ஒன்றைக் கேட்டு வாங்கி, இந்தக் கொட்டகையில் அக்கா உலை வைத்தார். முதல் நாள் இந்தப் பக்கத்தார் மட்டுமே வந்தார்கள். அந்தப் பக்கக் கதவு திறந்தே கிடந்தது, ஒருவரும் நுழையவில்லை. சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு அங்கே பரவியிருந்தது.

அக்கா நேரே தண்டவாளத்தைத் தாண்டிப் போனார். அந்த நாட்களில் அப்படிப் போவதற்குத் துணிச்சல் வேண்டும். எரிந்த தன் தையல் இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்திருந்த தையற்காரரிடம், "உங்க ஆளுங்க வந்து சாப்பிட நான் என்ன செய்யணும், தம்பி?" என்று கேட்டார். அவர், "எங்க அண்டா ஒண்ணு இருக்கணும். எங்க கண்ணு முன்னால எங்க ஆள் கிளறணும். அப்ப வருவாங்க" என்றாராம்.

"அப்ப நீயே வந்து கிளறு."

"எனக்கு ஊசியில நூல் கோக்கத்தான் தெரியும்."

"கரண்டி அதைவிடப் பெரிசுதான். கண்ணுக்கு நல்லாத் தெரியும், வா."

மறுநாள் கொட்டகையில் இரண்டு அண்டா இருந்தது. இரண்டு கதவிலும் ஆள் வந்தது. நடுவில் ஒரு நீள பெஞ்சு; அதன் மேல் தண்ணீர்ப் பானை. பெஞ்சுக்கு இந்தப் புறம் இவர்கள், அந்தப் புறம் அவர்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில், ஒருவர் மெல்லும் ஓசை மற்றவர் காதில் விழும்படி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைக்கு அதுவே பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல்லெறிந்த கைகள் அதன் பின் எறியவில்லை என்றால் அதற்கு அந்த இரண்டாவது அண்டாவும் ஒரு காரணம்.

தையற்காரர் இன்றுவரை வலப்புற அண்டாவைக் கிளறுகிறார். உப்புப் பார்ப்பது மட்டும் அக்காவின் பொறுப்பு. "தம்பி உப்புப் போட்டா கடல், போடலைன்னா குளம். நடுவுல அவனுக்கு ஊரே கிடையாது" என்பார். தையற்காரர் சிரித்துக்கொண்டே கிளறுவார். இருவருக்கும் இடையில் ஒரு குடும்பத்தில் மட்டுமே செல்லுபடியாகும் கேலியெல்லாம் தாராளமாக நடக்கும், பரிமாறும் நேரம் வரைக்கும். கதவு திறந்ததும் அவர் தம் பக்கம் போய் நிற்பார். இவர் தம் பக்கம்.

அண்டாவோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சில மாதத்தில் தட்டுகள் பிரிந்தன. விளிம்பில் வண்ணம் பூசினார்கள். பிறகு கரண்டிகளுக்குக் கயிறு. பிறகு பாத்திரம் துடைக்கும் துணி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முணுமுணுப்பை அடக்குவதற்காக அக்காவே ஒப்புக்கொண்டது. காயம் ஆறும் வரை என்று கட்டிய கட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிவுக்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று அறியாத சிறு பிள்ளைகள்கூட இப்போது தட்டின் விளிம்பைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். "தண்ணி ஒண்ணு, அரிசி ஒண்ணு, காஸ் சிலிண்டர்கூட ஒரே வண்டியில வருது. அண்டா மட்டும் ரெண்டு. வெச்சவ நான்தான். எடுக்கத் தெரியலையே சார்" என்று ஒரு நாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவ்வப்போது வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். இரண்டு இனத்தை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தவர் என்று ஒருவர் புகழ்ந்தபோது அக்கா, "கூரை ஒண்ணுதாங்க. கொஞ்சம் கீழ பாருங்க" என்றார். வந்தவர் கீழே பார்த்தார். தரை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிக் கேடயம் உப்பு ஜாடிக்கு மூடியாக இருக்கிறது. எறும்பு ஏறாது என்று அக்காவுக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை அவர் ஒரு பருக்கையும் உண்பதில்லை. கடைசியில் இரண்டு அண்டாவின் அடியையும் சுரண்டி, விளிம்பில் வண்ணமில்லாத தம் பழைய தட்டில் ஒன்றாகப் போட்டுப் பிசைவார். "இந்த ஊர்லயே கலந்து சாப்பிடறவ நான் ஒருத்திதான்" என்பார். சொல்லும்போது சிரிப்பார். ஒரு கவளத்துக்குப் பிறகு சிரிப்பு இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஊரறிந்தது. இரண்டாவது அண்டா யாருக்காக வந்தது என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கு ஒரு தங்கை. பெற்றோர் முன்பே போய்விட, தங்கையை வளர்த்தவர் அக்காதான். அந்தத் தங்கை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை விரும்பினார். ஊர் முகம் சுளித்தது. அக்கா, "அவளுக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு எங்க குத்துது?" என்று கேட்டு, முன்னால் நின்று மணம் முடித்து வைத்தார். கலகத்தின்போது இந்தப் பக்கத்திலிருந்து பறந்த கல் ஒன்று தங்கையின் கொழுந்தனாருக்கு ஒரு கண்ணைப் போக்கியது. அன்றிலிருந்து மாமியார் மருமகளிடம் 'உன் ஆளுங்க' என்றுதான் பேசினார். தங்கை அக்கா வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. அந்த வீட்டில் இருந்துகொண்டு எப்படி வருவார்?

"அவ வயிறு காயக் கூடாதுன்னுதான் தையக்காரத் தம்பிகிட்ட போனேன். ஊரை ஒண்ணு சேர்க்கணும்னு போகலை சார். அதெல்லாம் பின்னால மத்தவங்க எழுதினது" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தங்கை வந்தார். மாமியாரோடு அந்தப் பக்கக் கதவால் வந்து, அந்த வரிசையின் கடைசியில் நின்று, தையற்காரர் கையால் வாங்கி, பெஞ்சுக்கு அப்பால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்கா தம் அண்டாவுக்குப் பின்னால் நின்று, கரண்டியை நிறுத்தாமலே பார்ப்பார். தங்கைக்காக வைத்த அண்டாவிலிருந்து தங்கைக்கு ஒரு கரண்டி எடுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் தங்கையை வரவழைத்திருந்தார்.

இங்கே வெங்காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா தம் அண்டாவை இறக்கும் முன், ஒரு கைப்பிடி வெங்காயத்தைக் கறுக்கும்வரை வறுத்து மேலே கொட்டுவார். கருகல் என்றே சொல்ல வேண்டும். தையற்காரர் தம் அண்டாவில் அதைச் சேர்க்க விட்டதில்லை. "நாங்க கருக்கினா தப்பு, அக்கா கருக்கினா பக்குவம்" என்பார். தாய் நோயில் படுத்திருந்த ஒரு நாள், சிறுமிகளாக இருந்த அக்காவும் தங்கையும் அடுப்படியில் ஒரு ரிப்பனுக்காகச் சண்டை போட்டதில் வெங்காயம் கரியாகிவிட்டதாம். அடி விழும் என்று ஒடுங்கி நின்றவர்களிடம் தகப்பனார் ஒரு வாய் உண்டு, "இது நல்லாயிருக்கே, நாளைக்கும் இப்படியே செய்யுங்க" என்றாராம். அதன் பின் அந்த வீட்டில் வெங்காயம் ஒரு நாளும் பொன்னிறத்தில் நின்றதில்லை. இந்தக் கதை தெரிந்தவர்கள் இப்போது இருவர்தான். என்னைச் சேர்த்தால் மூவர்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் வலப்புற அடுப்பின் பர்னர் வெடிப்பு விட்டது. சாரலுக்காகச் சாத்தியிருந்த இரு கதவுகளுக்கும் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார்கள். மாற்று அடுப்புக்கு வழியில்லை. அக்கா ஒரு கணம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாத்தையும் இதுலயே கொட்டு, தம்பி" என்றார். இடப்புற அண்டாவில் கழுத்துவரை வெந்தது. வெங்காயமும் வழக்கம்போல் அதன் மேல் விழுந்தது. அவசரத்தில் கை தானாகச் செய்தது. பிறகு நாங்கள் நால்வருமாகப் பாதியை வலப்புற அண்டாவுக்கு மாற்றினோம்.

"சொல்லிடுவோமா அக்கா?" என்றார் தையற்காரர். அவரே தொடர்ந்து, "தெரிஞ்சா என் பக்கத்துல என் தோலை உரிச்சு எனக்கே சட்டை தைச்சுக் குடுத்துடுவாங்க" என்றார்.

"பேசாம போடு. மழை நிக்கட்டும், பார்த்துக்கலாம்."

ஒன்பது ஆண்டில் முதன்முறையாக அந்த ஊர் ஒரே அண்டாச் சோற்றை உண்டது. அது தெரியாமலே உண்டது. இந்தப் பக்கத்துப் பால் விற்கும் பெரியவர், "இன்னைக்கு நம்ம அண்டா தூக்கலா இருக்கு. அவங்களுது ஆவியே சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பக்கமும் அதுபோல் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

தங்கை மட்டும் மெல்வதை நிறுத்தினார். தட்டில் விரலால் எதையோ புரட்டிப் பார்த்தார். பின்பு எழுந்து, தண்ணீர் எடுப்பதுபோல் நடு பெஞ்சுக்கு வந்தார். நான் பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்து மறுநாளுக்குப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பானையில் தண்ணீர் நிரப்ப அங்கே வந்திருந்தார். கல்லடிக்குப் பிறகு அவ்வளவு அருகில் இருவரும் நின்றதை நான் பார்த்ததில்லை.

"அக்கா," என்றார் தங்கை, குவளையைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

வேறு யாரும் பக்கத்தில் இல்லை. ஆம் என்று ஒரு தலையசைப்புப் போதும்.

"இல்லடி" என்றார் அக்கா. "அது வேற, இது வேற."

தங்கை தலையை ஆட்டினார். குவளையில் எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் பானைக்குள் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பின் அவர் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டார்.

அன்று அக்கா அடியைச் சுரண்டவில்லை. தட்டை எடுத்தார், கழுவினார், கவிழ்த்து வைத்தார். "கதவுல நிக்கிறவங்களை எல்லாம் நினைச்சேன். தம்பிக்கு என்ன ஆகும்னு நினைச்சேன். நாளைக்கு ஒரு பக்கம் காலியாயிடுமேன்னு நினைச்சேன். கேட்டவ யாருன்னு மட்டும் நினைக்கலை" என்றார். பிறகு, "அவ கண்டுபிடிச்சுட்டுதான் கேட்டா சார். நான் சொல்லணும்னு கேட்டா" என்றார்.

புது பர்னர் வந்தது. இரண்டு அடுப்பும் எரிந்தன. எல்லாம் பழையபடி.

சென்ற வாரம் தையற்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஆலையில் ஆட்களைக் குறைத்ததில் தங்கையின் கணவருக்கு வேலை போய்விட்டது. தொலைவில் வேறு ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார்கள். அக்கா கேட்டுக்கொண்டு, அரிசி களைந்த தண்ணீரை வடித்தார். "அப்ப திங்கக்கிழமை வருவா" என்றார்.

திங்கட்கிழமை காலை அக்காவின் மேலங்கி தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. "இன்னைக்கு நடுப் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு சொல்லிடப் போறேன். மாமியா கேட்டா கேக்கட்டும், ஊர் கேட்டா கேக்கட்டும். ஆமா, ஒண்ணுதான்னு ரெண்டு வார்த்தைதானே" என்றார். தையற்காரர், "மெல்லமா சொல்லு அக்கா" என்றார். "சத்தமா சொன்னா உனக்கு என்ன?" "நீ மெல்லமா பேசினாத்தான் எல்லாரும் பயப்படுவாங்க." அக்கா சிரித்துவிட்டார். வெங்காயத்தை அன்று இன்னும் கூடுதலாக எடுத்து, கறுக்க வறுத்து, ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக வைத்தார்.

கதவுகள் திறந்தன. வரிசை நகர்ந்தது. அந்த வரிசையின் கடைசியில் மாமியார் மட்டும் நின்றார். கையில் அடுக்கு டிபன் கேரியர்.

தையற்காரர் கீழ் அடுக்குகளை நிரப்பி, மேல் அடுக்கில் கொஞ்சம் சோறு போட்டுக் கொடுத்தார். மாமியார் வெளியே போகவில்லை. மேல் அடுக்கைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு நடு பெஞ்சு வரை வந்தார். அக்காவும் வந்தார். கொட்டகையில் தட்டுகளின் ஓசை சற்றுக் குறைந்தது.

"அவ வரலை" என்றார் மாமியார். "லாரிக்காரன் இன்னைக்கே வந்து நிக்கிறான். சாமான் கட்டிட்டு இருக்கா."

"இன்னைக்கேவா, சம்பந்தியம்மா?"

"இன்னைக்கேதான். நாளைக்கின்னா கூலி கூடுதலாம்." அவர் மேல் அடுக்கைப் பெஞ்சின் மேல் வைத்தார். அதில் தையற்காரர் போட்ட சோறு கொஞ்சம் இருந்தது. "உன்கிட்ட கருகின வெங்காயம் இருக்குமாம். கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னா. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா, அழுத்தக்காரி. கருகினதைப் போய் யாராவது கேப்பாங்களா?"

 சொல்ல வந்திருந்த இரண்டு வார்த்தைகளை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அங்கே இல்லை. அக்கா கிண்ணத்தை எடுத்துவந்தார். கரண்டியைத் தொடவில்லை, விரல்களாலேயே அள்ளி, தையற்காரரின் சோற்றின் மேல் வைத்தார். சோறு தெரியாதபடி மூடியது.

"போதும் போதும். கசந்து கிடக்கும்" என்றார் மாமியார்.

அக்கா மூடியைப் போட்டு அழுத்தினார். மாமியார் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். வெளியே லாரி ஒலிப்பான் அடித்தது. மாமியார் அடுக்கின் காதைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். பிறகு இன்னொரு முறை. மூடியின் மேல் வைத்த உள்ளங்கையை அக்கா எடுக்கவில்லை.